48 வயதில் கையில் வந்த கேமரா... நிலக்கரி அறையே டார்க்ரூம் ஆன கதை!

செல்போனில் க்ளிக் செய்த அடுத்த நொடியே படம் ரெடி. ஃபிலிம் காலத்தில் அப்படி இல்லை. க்ளிக் என்பது பாதி வேலைதான்; மீதிப் பாதி இருட்டறையில். இன்றைக்கும் கறுப்பு-வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளிச்சம் புகாத ஒரு சின்ன டேங்க், டெவலப்பர், ஃபிக்ஸர், குழாய்த் தண்ணீர்... இவை இருந்தால் பாத்ரூமே போதும்.

ஆனால் குழாய்த் தண்ணீரும் இல்லாமல், ரெடிமேட் ஃபிலிமும் இல்லாமல், 160 வருடங்களுக்கு முன்பே வீட்டை லேப் ஆக்கிய ஒரு பெண்மணி உண்டு. பெயர், ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருக்கிறதே என்று தோன்றும். அது கணவர் வழியில் வந்த பெயர், அவ்வளவுதான்!

கல்கத்தாவில் பிறந்தவர்

1815-ல் கல்கத்தாவில் பிறந்தார் ஜூலியா. அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1836-ல் உடல்நலம் தேற தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்குப் போனபோது, வானியல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷெலின் நட்பு கிடைத்தது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

1838-ல் தன்னைவிட 20 வயது மூத்த சட்ட நிபுணர் சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். சிலோனில் காபி எஸ்டேட்டுகள் வைத்திருந்தவர் அவர். பிறகு குடும்பம் இங்கிலாந்துக்குப் போய், 1860-ல் வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்ற கடலோர ஊரில் வீடு வாங்கியது. வீட்டுக்கு சிலோன் எஸ்டேட்டின் ஞாபகமாக 'டிம்போலா' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? கவிஞர் டென்னிசன்!

பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். கணவர் எஸ்டேட்டைப் பார்க்க சிலோன் போய்விட்டார். அம்மா தனியாக இருக்கிறாரே, பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் 1863 டிசம்பரில் ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது ஜூலியாவுக்கு வயது 48. போட்டோ எடுப்பது பற்றி எதுவுமே தெரியாது.

கோழிகளுக்கு விடுதலை

நிலக்கரி போட்டுவைக்கும் அறை டார்க்ரூம் ஆச்சு. கண்ணாடி போட்ட கோழிக்கூண்டிலிருந்து கோழிகளை வெளியே விட்டு, அதை ஸ்டூடியோ ஆக்கினார்.

அப்போது ஃபிலிம் ரோல் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து, அதன்மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றிச் சீராகப் பரப்பணும். பிறகு சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்கணும். ஈரம் காயும் முன்பே கேமராவில் வைத்துப் படமெடுத்து, காயும் முன்பே இருட்டறைக்கு ஓடி டெவலப் செய்தாகணும். கொஞ்சம் தாமதமானாலும் தகடு வீண்.

முதன்முதலாக எடுத்த படத்தை, ஈரப் பக்கத்தில் கையை வைத்துத் தேய்த்து அழித்தேவிட்டார். விடவில்லை. 1864 ஜனவரியில், ஆனி என்ற சிறுமியின் படம் சரியாக வந்தது. அதைத்தான் தன் முதல் வெற்றியாகக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு வீடு வீடாக இல்லை. சில்வர் நைட்ரேட் பட்ட இடமெல்லாம் கறை, விரல்கள் கறுத்துப்போயின. ஊருக்குத் திரும்பிய கணவரிடம் ஒவ்வொரு புதுப் படத்தையும் காட்ட, ஈரத் தகட்டோடு சாப்பாட்டு அறைக்கே ஓடுவார். மேஜை விரிப்புகள் எத்தனை பாழாயின என்பதற்குக் கணக்கே இல்லை. வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர், பல படங்களில் மாதா மேரியாகவே போஸ் கொடுத்தார்.

நண்பர் தந்த ஹைப்போ

டெவலப்பர், வெளிச்சம் பட்ட வெள்ளி உப்பைக் கறுப்பு வெள்ளித் துகளாக மாற்றும். வெளிச்சம் படாத உப்பு அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்காமல் வெளியே கொண்டுவந்தால், அதுவும் மெள்ளக் கறுத்துப் படமே காலி. அந்த மிச்ச உப்பைக் கரைத்து வெளியேற்றுவதுதான் ஃபிக்ஸரின் வேலை. நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்பார்களே, அதேதான்!

ஹைப்போ வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை 1819-லேயே கண்டுபிடித்தவர், ஜூலியாவின் நண்பர் ஹெர்ஷெல். 1839-ல் அதைப் படங்களை நிலைநிறுத்தவும் அவர் பயன்படுத்தினார். ஆனால், கண்ணாடி நெகட்டிவ்களுக்குப் பலர் பொட்டாசியம் சயனைடையே ஃபிக்ஸராகப் பயன்படுத்திய காலம் அது. கொடிய விஷம். அதை ஜூலியா வெறுங்கையில் வழியவிடுவதைக் கேள்விப்பட்டு, பதறிப்போய் எச்சரித்துக் கடிதம் எழுதினார் ஹெர்ஷெல். 1867-ல், வெள்ளை முடி பறக்க அவரை ஜூலியா எடுத்த படம், உலகின் சிறந்த போர்ட்ரெய்ட்களில் ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது.

ஃபிக்ஸ் செய்த பிறகு நன்றாக அலசணும். இதில்தான் பொறுமை வேண்டும். ரசாயனம் மிச்சமிருந்தால் வருடங்கள் கழித்துப் படம் மஞ்சளாகும், வெளிறும். ஜூலியாவுக்கோ கிணற்றுத் தண்ணீர்தான். 1869-ல் அவருடைய அருமையான நெகட்டிவ்கள் பலவற்றில் வெடிப்பு விழுந்தது. லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டிக்கே எடுத்துப்போய்க் காரணம் கேட்டார். ஈரமான கடல் காற்றா, அலசல் போதவில்லையா என்று விவாதம் நடந்தது. போன நெகட்டிவ்கள் போனதுதான்.

அதே சொசைட்டிக்காரர்கள் பலர், ஃபோகஸ் இல்லை, கறையும் விரல்ரேகையும் தெரிகிறது என்று அவரைக் கிண்டலடித்தவர்கள். ஜூலியா அவற்றை மறைத்து டச்-அப் செய்ய மறுத்துவிட்டார். சவுத் கென்சிங்டன் மியூசியம் 1865-லேயே அவர் படங்களை வாங்கியது. இன்று அந்த விரல்ரேகைகளை வைத்தே அவர் வேலை செய்த விதத்தை ஆய்வாளர்கள் படிக்கிறார்கள்.

மலை மேல் கல்லறை

1875-ல் தம்பதி சிலோனுக்கே திரும்பினார்கள். இலைநோயால் காபித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம். களுத்துறையில் உள்ளூர்ப் பெண்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார். அவர்களில் பலர் தமிழர்கள் என்று கருதப்படுகிறது. லண்டன் பிரமுகர்களின் பெயர்களை எல்லாம் படத்தின் கீழ் எழுதிய ஜூலியா, இவர்களில் பெரும்பாலோரின் பெயரைக் குறித்துவைக்கவில்லை. அந்தக் குறை இன்றும் உறுத்துகிறது. வெயிலில் கொலோடியன் சீக்கிரம் காய்ந்துவிடும் நாட்டில் அவர் எடுத்தவற்றில், 30-க்கும் குறைவான படங்களே எஞ்சியிருக்கின்றன.

1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவையில், புனித மரியாள் ஆலயத்தின் பக்கத்தில் அவர் கல்லறை இருக்கிறது. நுவரெலியா மாவட்டம் பக்கம் போகிறவர்கள் ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

நீங்கள் வீட்டில் முதல் ஃபிலிமைக் கழுவி, ஒரு ஓரத்தில் கறையோடு வெளியே எடுத்தால் மனசு விடவேண்டாம். அடுத்த ரோலை எடுங்கள். அலசுவதில் மட்டும் அவசரம் வேண்டாம்!