கரௌசியஸ்: கப்பலோட்டி கண்ட தனியரசு

உரோமப் பேரரசின் பிற்கால வரலாற்றில், வென்றவர்களைப் பாடிய புகழுரைகளே மிகுதியாக எஞ்சியுள்ளன. அவற்றில் பெயர் சுட்டவும் மறுக்கப்பட்டு, கடற்கொள்ளையன் என்றே பழிக்கப்பட்டவன் கரௌசியஸ். அவனைப் பற்றி நாம் ஏட்டில் படிப்பவை பெரிதும் பகைவர் தரப்புச் செய்திகளே என்பதை முதற்கண் மனங்கொள்ளல் வேண்டும்.

இன்றைய பெல்ஜியக் கடலோரத்து மெனாப்பியர் குடியில் எளிய குடும்பத்தில் பிறந்தவன். இளமையில் கப்பலோட்டிப் பிழைத்தவன். கி.பி. 286இல் கால் நாட்டுக் (இன்றைய பிரான்சு) கிளர்ச்சியை ஒடுக்கிய போரில் பேரரசர் மாக்சிமியனின் கருத்தைக் கவர்ந்தான். பிராங்கியரும் சாக்சனியரும் கரையோர ஊர்களைச் சூறையாடிய காலம் அது. அவர்களை அடக்கப் பூலோன் துறைமுகத்தில் கடற்படை திரட்டும் பொறுப்பு அவனிடம் தரப்பெற்றது.

வெற்றிகள் குவிந்தன, வினையும் உடன் விளைந்தது. கொள்ளையர் உள்ளே புகும்போது வாளாவிருந்து, பொருளோடு திரும்புகையில் மடக்குகிறான். மீட்ட பொருள் உரியவர்க்கும் சேர்வதில்லை, கருவூலத்துக்கும் சேர்வதில்லை என்று பழி எழுந்தது. மாக்சிமியன் அவனைக் கொல்ல ஆணையிட்டான். கரௌசியஸோ கடற்படையுடன் பிரிட்டனைக் கைக்கொண்டு தன்னைப் பேரரசன் என அறிவித்தான். பழி முழுவதும் பொய்யென்று நாம் வாதிட வரவில்லை. ஆயினும் வெறுங் கொள்ளையன் ஒருவன் பின்னே படையினர் ஏழாண்டுக் காலம் நின்றிருப்பரோ?

இதற்கு விடை அவன் காசுகளில் உள்ளது. உரோம வெள்ளிக்காசு பெயரளவுக்கே வெள்ளியாயிருந்த அந்நாளில், லண்டன் அக்கசாலையில் தரமான வெள்ளிக்காசு அடித்தவன் அவன். வீரர்க்கு நல்ல காசால் ஊதியம் அளித்த தலைவன் எளிதில் கைவிடப்படுவதில்லை. டயோக்ளீசியன், மாக்சிமியன் இருவருடன் தன் முகத்தையும் ஒரே காசில் பொறித்து, அவர்தம் உடன்பிறப்பாகத் தன்னைக் காட்டிக்கொண்டான். அவ்வுறவை அவர்கள் ஏற்றிலர்.

289 அளவில் மாக்சிமியன் திரட்டிய கப்பற்படை பயனின்றி முடிந்தது. பழி கடலின் மேலும் காற்றின் மேலும் போடப்பட்டது. 293இல் கான்ஸ்டான்ஷியஸ் பூலோன் துறைமுக வாயிலை அணையிட்டு மூடி நகரைக் கைப்பற்றினான். அதே ஆண்டில், கரௌசியஸின் நிதிப் பொறுப்பை வகித்த அலெக்டஸே அவனைக் கொன்று அரசைக் கவர்ந்தான். அவனும் 296இல் வீழ்ந்தான்.

கரௌசியஸின் பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்றே ஒன்று கிடைத்துள்ளது. வட இங்கிலாந்தின் கார்லைல் அருகே கண்டெடுக்கப்பட்ட மைல்கல் அது. பின்வந்தோர் அதனைத் தலைகீழாக்கி, மறுமுனையில் கான்ஸ்டான்ஷியஸின் மகன் கான்ஸ்டன்டைனின் பெயரைப் பொறித்து நட்டனர். மண்ணுள் புதைந்த முனையில் கரௌசியஸின் பெயர் அழியாது கிடந்தது.