ஆர். கே. சேகர்

ஆர். கே. சேகர் (ஜூன் 21, 1933 – செப்டம்பர் 30, 1976) மலையாளத் திரைப்பட இசையமைப்பாளரும் இசைக் கோர்ப்பாளரும் இசைக்குழு நடத்துநரும் ஆவார். தமிழ்நாட்டைச் சேர்ந்த இவர் சென்னையில் வாழ்ந்தவாறே இருபதுக்கும் மேற்பட்ட மலையாளத் திரைப்படங்களுக்கு இசையமைத்தார். அதனினும் மிகுதியான படங்களில் பிற இசையமைப்பாளர்களின் மெட்டுகளுக்கு வாத்திய இசையை அமைத்து, பதிவின்போது இசைக்குழுவை நடத்தினார். சென்னைத் திரையிசை உலகில் மின்னணு விசைப்பலகைக் கருவிகளை முன்கூட்டியே தேடிப் பெற்றுக் கையாண்டவர்களுள் ஒருவராக அறியப்படுகிறார். இசையமைப்பாளர்கள் ஏ. ஆர். ரகுமான், ஏ. ஆர். ரைஹானா ஆகியோர் இவருடைய மக்கள்.

திரையிசைப் பணி

சேகர் திரைத்துறைக்கு வந்த காலத்தில் மலையாளப் படங்களின் பாடல்கள் பெரும்பாலும் சென்னையிலேயே பதிவாயின. ஒலிப்பதிவுக் கூடங்களும் தேர்ந்த வாத்தியக் கலைஞர்களும் கோடம்பாக்கம், வடபழனி பகுதிகளில் நிறைந்திருந்ததே இதற்குக் காரணம். இதனால் தமிழரான ஒருவர் சென்னையை விட்டு நீங்காமலே மலையாளத் திரையிசையில் முதன்மையான இடத்தைப் பெற முடிந்தது.

குஞ்சாக்கோ இயக்கத்தில் 1964 ஆம் ஆண்டு வெளிவந்த பழசிராஜா இவர் தனித்து இசையமைத்த முதல் திரைப்படமாகும். வயலார் ராமவர்மா எழுத, கே. ஜே. யேசுதாஸ் பாடிய ஒரு பாடல் கேரளத்தில் பெரும் புகழ் பெற்றது. அதே ஆண்டில் ஆயிஷா என்ற படத்திற்கும் இசையமைத்தார். எனினும் தொடர்ந்து தனி வாய்ப்புகள் அமையவில்லை. அடுத்த சில ஆண்டுகள் இவருடைய உழைப்பு பெரும்பாலும் பிறருடைய பாடல்களுக்கே சென்றது. ஜி. தேவராஜன், எம். கே. அர்ஜுனன் முதலிய இசையமைப்பாளர்களிடம் இவர் பணியாற்றினார். அர்ஜுனனுடன் இவருக்கு இருந்த தொழில் உறவு நெருங்கிய நட்பாக வளர்ந்தது.

1971 இல் அனாத சில்பங்கள் படத்தின் மூலம் மீண்டும் தனி இசையமைப்பாளராக வலம் வரத் தொடங்கினார். ஆறடி மண்ணின்றெ ஜன்மி (1972), மிஸ் மேரி (1972), பெண்பட (1975) முதலியன அதன்பின் வந்த படங்கள். பெண்பட படத்தின் ஒரு பாடலுக்கு, அப்போது சிறுவனாக இருந்த மகன் திலீப் மெட்டமைத்ததாகக் கூறப்படுகிறது.

இசைக் கோர்ப்பாளரின் பணி

இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டை அமைத்துத் தருவார். அம்மெட்டிற்கு முன்னிசை, இடையிசை ஆகியவற்றை எழுதுவது, எந்த இடத்தில் எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும் எனத் தீர்மானிப்பது, ஒவ்வொரு கலைஞருக்கும் இசைக்குறிப்பு எழுதிக் கொடுப்பது ஆகியவை கோர்ப்பாளரின் கடமைகள். பாடலைக் கேட்பவர்கள் நினைவில் கொள்ளும் ஒலியின் பெரும்பகுதி இவருடைய தெரிவே ஆகும். ஆனால் படத்தின் பெயர்ப்பட்டியலில் இப்பணிக்கு உரிய இடம் எப்போதும் கிடைத்ததில்லை.

அக்காலத்தில் பாடகரும் இசைக்குழுவினரும் ஒரே வேளையில் இசைக்க, முழுப்பாடலும் ஒருசேரப் பதிவு செய்யப்பட்டது. ஒருவர் தவறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஒரு புதிய கருவியைக் கூடத்திற்குக் கொண்டு வருவது துணிச்சலான செயலாகும். அது புதிய ஒலியைத் தருவது மட்டும் போதாது. பாடல் முடியும்வரை சுருதி பிறழாமலும் இருக்க வேண்டும்.

மின்னணுக் கருவிகளின் பின்னணி

இந்தியத் திரையிசையில் மின்னணு ஒலி சிந்தசைசருக்கு முன்பே நுழைந்துவிட்டது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் கான்ஸ்டன்ட் மார்ட்டின் 1947 இல் உருவாக்கிய கிளாவியோலின் என்ற வால்வுக் கருவி அதன் தொடக்கம் எனலாம். 1954 இல் வெளிவந்த நாகின் என்ற இந்திப் படத்தில் ஹேமந்த் குமாரின் இசையில் ஒலித்த மகுடி ஓசை உண்மையான மகுடியினுடையது அன்று. பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான கல்யாண்ஜி அதனைக் கிளாவியோலினில் வாசித்தார்.

அமெரிக்கரான ராபர்ட் மோக் 1964 இல் தம் சிந்தசைசரை அறிமுகம் செய்தார். அது பல பெட்டகங்களைக் கம்பிகளால் இணைத்து இயக்கும் பெரிய அமைப்பாகும். அத்தகைய ஒன்றை டேவிட் டியூடர் 1969 இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நிறுவினார். மேடைக்கும் கூடத்திற்கும் எளிதில் எடுத்துச் செல்லத்தக்க மினிமோக் 1970 இல் வெளிவந்தது. சப்பானின் ரோலண்ட் எஸ்எச்-1000, மினிகோர்க் 700 ஆகியவை 1973 இல் வந்தன. சேகரின் கடைசி ஆண்டுகள் இம்மாற்றம் நிகழ்ந்த ஆண்டுகளே ஆகும்.

இந்தியாவில் இவற்றைப் பெறுவது கடினமாக இருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் மிகுந்த சுங்கவரியும் கருவியின் விலையைப் பன்மடங்கு உயர்த்தின. பழுதானால் உதிரிப் பாகங்கள் கிடைப்பதும் அரிது. இந்நிலையிலும் தம் வருவாயைக் கருவிகளில் இட்ட சேகரின் சேகரிப்பு பிற இசைக்கலைஞர்களுக்கும் பயன்பட்டது.

அக்காலக் கருவிகளைத் தெரிவு செய்தல்

சேகரின் காலத்து ஒலிகளை இன்று மீண்டும் நாடுவோர் பலர். அக்கருவிகள் ஒவ்வொன்றும் குறிப்பிட்ட வகை ஒலிக்கே ஏற்றவை. எனவே தேவையான ஒலி எது என்று முடிவு செய்த பின்னரே கருவியைத் தெரிவு செய்ய இயலும்.

* கிளாவியோலின்: ஒரு வேளையில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். மூக்கொலி சார்ந்த, நாணல் வாத்தியத்தை ஒத்த ஓசை. மகுடி, நாகசுரம் போன்ற சாயல்களுக்கு ஏற்றது. ஒலியளவு முழங்காலால் தள்ளும் நெம்புகோலால் மாற்றப்படும்.
* காம்போ ஆர்கன்: டிரான்சிஸ்டர்களால் இயங்குவது. பல சுரங்களை ஒருங்கே இசைக்கலாம். 1960களின் நடனப் பாடல்களில் கேட்கும் மெல்லிய, கூரிய ஓசை இதனுடையது.
* ஒற்றைக் குரல் சிந்தசைசர்: மினிமோக் போன்றவை. தடித்த கீழ்த்தாய் ஒலிக்கும், வழுக்கிச் செல்லும் தனி மெட்டுக்கும் ஏற்றவை. சுரத்திலிருந்து சுரத்திற்கு இழைந்து செல்லும் வசதி இருப்பதால் கமகத்தை ஓரளவு காட்ட முடியும்.
* தந்தியோசைக் கருவி: 1974 இல் வந்த சொலினா போன்றவை. வயலின் குழுவைப் போன்ற பரந்த ஓசையைத் தரும். ஒலியின் தன்மையை மாற்றும் வசதிகள் குறைவு.

ஒப்புமை முறைச் சிந்தசைசரில் ஒலியைத் தோற்றுவிப்பது மின்னழுத்தத்தால் கட்டுப்படுத்தப்படும் அலையியற்றி ஆகும். வெப்பநிலை மாறினால் அதன் சுருதியும் மாறும். ஆகவே கருவியை இயக்கிச் சிறிது நேரம் சூடேறவிட்டு, பிறகே சுருதி சேர்ப்பர். மினிமோக் போன்றவற்றில் ஒலியமைப்பைச் சேமித்து வைக்கும் நினைவகமும் இல்லை. ஒரு நாள் கிடைத்த ஓசை மறுநாளும் வேண்டுமெனில் குமிழ்களின் நிலைகளைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கருவியை வாங்குவோர் எல்லா விசைகளும் இயங்குகின்றனவா, குமிழ்களைத் திருப்பும்போது கரகரப்பு எழுகிறதா, அரைமணி நேரத்திற்குப் பின்னும் சுருதி நிற்கிறதா என்பவற்றைச் சோதிப்பர். மின்வழங்கியிலுள்ள மின்தேக்கிகள் காலப்போக்கில் கெட்டுவிடும். சப்பானுக்கெனச் செய்த கருவிகள் 100 வோல்ட்டிலும், அமெரிக்காவிற்கெனச் செய்தவை ஏறத்தாழ 120 வோல்ட்டிலும் இயங்குவன. மின்மாற்றி இன்றி இந்தியாவின் 230 வோல்ட் மின்சாரத்தில் இணைத்தால் அவை எரிந்துபோகும். கடற்கரை நகரங்களின் ஈரப்பதம் விசைகளின் தொடுமுனைகளை அரிக்கும். பழுது நீக்குபவர் அருகில் இல்லையெனில், குறைந்த புகழுடையதாயினும் எளிய அமைப்புள்ள கருவியே நெடுநாள் பயன்படும்.

மறைவு

ஓய்வற்ற உழைப்பிற்கு இடையே நோய்வாய்ப்பட்ட சேகர், 1976 செப்டம்பர் 30 அன்று தமது 43 ஆம் அகவையில் காலமானார். அதே ஆண்டைச் சேர்ந்த சோட்டானிக்கர அம்மா அவருடைய இறுதிப் படங்களுள் ஒன்றாகும். மனைவி கஸ்தூரிக்கு (பின்னாளில் கரீமா பேகம்) மூன்று மகள்களும் ஒரு மகனும் இருந்தனர். மகன் திலீப்பிற்கு அப்போது வயது ஒன்பது.

கருவிகளும் குடும்பமும்

சேகர் விட்டுச் சென்ற பெரும் சொத்து அவருடைய இசைக்கருவிகளே. அவற்றை விற்றுப் பணத்தை வங்கியில் இட்டு, வரும் வட்டியில் வாழலாம் எனச் சிலர் கஸ்தூரிக்கு அறிவுரை கூறினர். அவர் அதனை ஏற்கவில்லை. மகன் பின்னாளில் அவற்றை வாசிப்பான் என்று கூறி, கருவிகளை ஒலிப்பதிவுகளுக்கு வாடகைக்கு விட்டார். அவ்வருவாயே குடும்பத்தைக் காத்தது. இறக்குமதித் தடைகளால் அத்தகைய கருவிகள் அரிதாக இருந்தமையே வாடகைக்குத் தேவையையும் உண்டாக்கியது.

கருவிகள் வீட்டிலேயே இருந்ததால் திலீப் அவற்றை இயக்கவும் இணைக்கவும் சிறுவயதிலேயே பழகினார். தந்தையின் நண்பரான அர்ஜுனன் தம் இசைக்குழுவில் அவருக்கு விசைப்பலகை வாசிக்கும் வாய்ப்பளித்தார். பின்னர் இளையராஜா உள்ளிட்டோரின் குழுக்களிலும் அவர் வாசித்தார். வேலையின் பொருட்டுப் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்த நேர்ந்தது. 1980களின் இறுதியில் வீட்டருகே சொந்த ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தபோது, கருவி வாங்கத் தாயார் தம் நகைகளை விற்று உதவினார். ஏ. ஆர். ரகுமான் என்ற பெயரில் அவர் இசையமைத்த ரோஜா 1992 இல் வெளிவந்தது. 2009 இல் அவர் இரண்டு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றார். கரீமா பேகம் 2020 டிசம்பர் 28 அன்று காலமானார்.

மதிப்பீடு

சேகரின் பெயர் இன்று பெரும்பாலும் மகனின் புகழை ஒட்டியே நினைக்கப்படுகிறது. ஆயினும் கேரளத்தில் 1960கள், 1970களின் பாடல்களை விரும்புவோரிடையே தனி இசையமைப்பாளராகவும் கோர்ப்பாளராகவும் அவருக்கு மதிப்பு உண்டு. 1983 இல் மிடி என்ற இணைப்பு முறையும் யமகா டிஎக்ஸ்7 என்ற எண்முறைச் சிந்தசைசரும் வந்த பின்னர் விசைப்பலகைகள் படிப்படியாக எளிதில் கிடைக்கலாயின. இன்று தருமபுரி, சேலம் போன்ற மாவட்டங்களின் திருவிழா மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழுக்களிலும் மின்னணு விசைப்பலகை வழக்கமான கருவியாகிவிட்டது. அது ஓர் அரும்பொருளாக இருந்த காலத்தில் அதன் பயனை உணர்ந்து, தம் தொழிலுக்கு அதனைத் தெரிவு செய்தவர்களுள் சேகர் ஒருவர்.

இசையமைத்த திரைப்படங்களுள் சில

* பழசிராஜா (1964)
* ஆயிஷா (1964)
* அனாத சில்பங்கள் (1971)
* ஆறடி மண்ணின்றெ ஜன்மி (1972)
* மிஸ் மேரி (1972)
* பெண்பட (1975)
* சோட்டானிக்கர அம்மா (1976)