முடிசூடும் பெருமாளாய்ப் பிறந்தவர்

தென்திருவிதாங்கூரில் சாஸ்தான்கோவில்விளை என்னும் சிற்றூரில், பொன்னுமாடன், வெயிலாள் தம்பதியருக்கு 1809ஆம் ஆண்டு ஓர் ஆண்மகவு பிறந்தது. இன்று சாமித்தோப்பு என்று உலகம் போற்றும் ஊர் அதுவே. பெற்றோர் மகிழ்ந்து மகனுக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டனர். ஏழைக் குடிசையில் பிறந்த பிள்ளைக்கு முடி எதற்கு என்று மேல்சாதியார் சீறினர். பெயர் முத்துக்குட்டி என்று மாற்றப்பட்டது.

ஒரு பெயரைக்கூட விரும்பி வைக்க முடியாத காலம் அது. சான்றோர் மக்கள் தலைக்கு வரி கட்டினர். ஏறும் பனைக்கும் வரி கட்டினர். கூலியில்லாமல் ஊழியம் செய்தனர். ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, காலில் செருப்பு அணியக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது. ஆளுவோரின் கொடுமை ஒருபுறம் என்றால், பேய் பற்றிய பயம் மறுபுறம். காய்ச்சல் வந்தாலும் மாடு செத்தாலும் மாடனுக்குக் கடன் வாங்கி ஆடும் கோழியும் பலி கொடுத்து, மேலும் வறுமையில் விழுந்தார்கள்.

முத்துக்குட்டி பனையேறியும் வயலில் உழைத்தும் வாழ்ந்தார். திருமாலம்மாளை மணந்தார். இளம் வயதிலேயே கொடிய நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் போனால் மகன் பிழைப்பான் என்று தாய் நம்பினார். உறவினர் தொட்டில் கட்டிச் சுமந்து சென்றனர். அங்கே அவர் கடலுக்குள் இறங்கி மறைந்தார். தாய் கரையில் கண்ணீரோடு காத்திருந்தார். கொல்லம் ஆண்டு 1008, மாசி 20ஆம் நாள், அதாவது 1833ஆம் ஆண்டு, நாராயணரின் மகனாக வைகுண்டர் கடலிலிருந்து எழுந்தருளினார். பெற்ற தாயையும் பக்தியுள்ள மக்களில் ஒருத்தியாகவே அவர் பார்த்தார்.

தெச்சணம் திரும்பிய அய்யா ஆறு ஆண்டுகள் தவமிருந்தார். முதல் இரண்டு ஆண்டுகள் ஆறடிக் குழிக்குள்ளும், அடுத்த இரண்டு ஆண்டுகள் தரையிலும், கடைசி இரண்டு ஆண்டுகள் உயர்ந்த பீடத்திலும் அமர்ந்தார். பேய்களின் வலிமையை அய்யா அடக்கி எரித்ததை அகிலம் விரித்துச் சொல்கிறது. அன்றுமுதல் பலி வேண்டாம், காணிக்கை வேண்டாம் என்றார் அய்யா. பயந்து கும்பிட்ட மக்கள் அன்பினால் கும்பிடக் கற்றார்கள்.

மக்கள் திரள்வதைக் கண்டு அரசு கலங்கியது. சுவாதித் திருநாள் மன்னரின் ஆணைப்படி அய்யாவைச் சுசீந்திரத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து திருவனந்தபுரம் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தனர். பாலில் நஞ்சு கலந்து கொடுத்தனர். சுண்ணாம்புக் காளவாயில் இட்டனர். மிளகாய் வற்றலைக் கொட்டி எரித்த அறையில் பூட்டினர். பசித்த புலியின் கூண்டுக்கு முன் நிறுத்தினர். புலி அய்யாவின் முன் அடங்கிப் படுத்தது. 110 நாட்களுக்குப் பின் அய்யா விடுதலையானார். மக்கள் அவரை வாகனத்தில் சுமந்து பதிக்கு அழைத்து வந்தனர்.

தமக்கு இழைத்த கொடுமைக்கு அய்யா பழி வாங்கவில்லை. மக்களுக்கு மறுத்ததையெல்லாம் வழிபாடாக்கித் திருப்பிக் கொடுத்தார். அழுக்கர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் 700 குடும்பங்களைத் துவையல் தவசுக்கு அனுப்பினார். முதலில் வாகைப்பதியிலும் பின்பு முட்டப்பதியிலும் அவர்கள் நாள்தோறும் மூன்று வேளை குளித்து, தங்கள் துணியைத் தாங்களே துவைத்து, ஒருவேளை உண்டு தவமிருந்தார்கள். கிணற்றுப் பக்கமே வரக்கூடாது என்று விரட்டப்பட்டவர்களுக்கு முத்திரிக்கிணறு தோன்றியது. எல்லாச் சாதியாரும் அதில் ஒன்றாகக் குளித்தார்கள், ஒரே நீரைக் குடித்தார்கள், ஒன்றாக அமர்ந்து உண்டார்கள்.

தலைப்பாகை கட்டினால் அடி விழுந்த காலத்தில், தலைப்பாகை கட்டித்தான் பதிக்குள் வரவேண்டும் என்றார். பள்ளியறையில் சிலை வைக்கவில்லை. விளக்கும் கண்ணாடியும் வைக்கச் செய்தார். கும்பிட வந்தவர் தலைப்பாகையோடும் நெற்றியில் திருநாமத்தோடும் தம் முகத்தையே அங்கே கண்டார். தீண்டத்தகாதது என்று பிறர் சொன்ன அந்த உடம்புக்குள்ளேயே இறைவன் இருப்பதை ஒவ்வொருவரும் உணர்ந்தார்கள்.

செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஊர்களில் நிழல் தாங்கல்கள் எழுந்தன. தாமரைகுளத்தைச் சேர்ந்த அரிகோபாலன் சீடர் அய்யாவின் அருளால் 1841ஆம் ஆண்டு அகிலத்திரட்டு அம்மானையை எழுதினார். ஏடு தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களின் வீட்டிலேயே ஏடு பிறந்தது. விருத்தமும் நடையுமாக அதை இராகத்தோடு வாசிக்க, எழுத்தறியாத தாய்மாரும் கேட்டு மனத்தில் பதித்தார்கள். பாட்டியிடமிருந்து பேத்திக்கு அகிலத்தின் கதை போய்ச் சேர்ந்தது.

கொல்லம் ஆண்டு 1026, வைகாசி 21ஆம் நாள், 1851ஆம் ஆண்டு, அய்யா வைகுண்டம் ஏகினார். திருமேனி சாமித்தோப்பில் அமர்த்தப்பட்டது. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1859இல், சான்றோர் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் மன்னர் ஆணையிட்டார். அரசாணை வருவதற்கு முன்பே அய்யாவின் பதியில் மக்கள் மானத்தோடு நின்றுவிட்டார்கள்.

இன்று மாசி 20ஆம் நாளில் நாகர்கோவிலிலிருந்து சாமித்தோப்புக்குக் காவிக்கொடியோடு ஊர்வலம் போகிறது. வடக்கே சென்னை மணலி புதுநகரிலும் அய்யாவுக்குத் தர்மபதி உண்டு. கார்த்திகையில் சாமித்தோப்பில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடந்து பட்டாபிஷேகத்தோடு நிறைவுறுகிறது. முடி என்ற சொல்லையே பெயரில் வைக்கவிடாமல் தடுக்கப்பட்ட பிள்ளைக்கு அன்று ஊரே கூடி முடிசூட்டி மகிழ்கிறது. அய்யா தமக்கு மட்டும் முடி வைத்துக்கொள்ளவில்லை. தாங்கலுக்குள் நுழையும் எளியவனும் தலையில் துணியைச் சுற்றும்போது, அய்யா தந்த முடியையே சூடுகிறான்.

அய்யா உண்டு.