தூக்கி நிறுத்திய கைகள்

நட்பைப் பற்றிப் பேச வந்த வள்ளுவர் அதற்கு உவமையாக எடுத்துக்கொண்டது ஒரு கையைத்தான். உடுத்திய ஆடை நழுவும்போது யாரும் ஏவாமலே விரைந்து சென்று பிடிக்கும் கை அது. தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் அந்தக் குறளை மனனம் செய்து ஒப்புவித்திருக்கிறேன். பின்னர் தேசிய இடைநிலைப்பள்ளியின் நூலகத்தில் ஓர் ஓவியப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் ஃபிரிடா காலோவின் முகத்தை முதன்முதலில் கண்டேன். சேர்ந்த புருவங்கள், தலை நிறைய பூக்கள், நேராக நம்மையே பார்க்கும் கண்கள். அவருடைய வாழ்க்கையைப் படிக்கப் படிக்க அந்தக் குறளின் கைதான் என் நினைவுக்கு வந்தது.

ஃபிரிடாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய தன்னம்பிக்கையைப் போற்றுவார்கள். தனியொரு பெண்ணாக வலியை வென்றார் என்பார்கள். அவருடைய துணிவை நானும் வணங்குகிறேன். ஆனால், அவர் தனியாக எழுந்தவர் அல்லர். அவரைத் தூக்கி நிறுத்திய கைகள் பல.

தந்தையும் மகளும்

அக்காலத்தில் மெக்சிகோ நகரின் புறத்தே இருந்த கொயோகான் என்னும் ஊரில் 1907ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் ஃபிரிடா பிறந்தார். தந்தை கில்லெர்மோ ஜெர்மனியிலிருந்து குடியேறிய புகைப்படக் கலைஞர். ஃபிரிடாவுக்கு ஆறு வயதானபோது இளம்பிள்ளைவாதம் தாக்கி வலது கால் மெலிந்தது. பெற்றோர் அந்தக் காலைச் சிறு தொட்டியில் வைத்துக் கழுவி, சூடான துணியால் ஒத்தடம் கொடுத்தார்கள். கால் வலுப்பெற வேண்டும் என்று தந்தை அவரை மிதிவண்டி ஓட்டவும் நீந்தவும் பந்து விளையாடவும் வைத்தார். அக்காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு அவை வழக்கமில்லாதவை.

தந்தைக்கும் ஒரு நோய் இருந்தது. வலிப்பு வந்து அவர் சாலையிலேயே விழுந்துவிடுவதுண்டு. அவரோடு படமெடுக்கச் செல்லும் சிறுமி ஃபிரிடா அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார். தந்தைக்குத் தேவையான உதவியைச் செய்வார். அவருடைய புகைப்படக் கருவியை யாரும் எடுத்துச் செல்லாமல் காவல் காப்பார். ஆக, பிறர் கையில் தேறுவதையும் பிறரைத் தன் கையால் தேற்றுவதையும் அவர் ஒரே வீட்டில் பயின்றார்.

1925 செப்டம்பர் 17

1922இல் நாட்டின் தலைசிறந்த ஆயத்தக் கல்லூரியில் ஃபிரிடா சேர்ந்தார். சுமார் 2,000 மாணவர்களில் பெண்கள் ஏறத்தாழ 35 பேர்தான். மருத்துவராக வேண்டும் என்பது அவருடைய கனவு. அங்கே தொப்பியைப் பெயராகக் கொண்ட ஒரு குறும்புக்கார நண்பர் குழுவில் இணைந்தார். அதன் தலைவர் போன்றிருந்த அலெஹாந்திரோ கோமெஸ் அரியாஸ் அவருடைய காதலரும் ஆனார்.

1925 செப்டம்பர் 17ஆம் நாள் மாலை இருவரும் பேருந்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். டிராம் வண்டி ஒன்று பேருந்தின் மீது மோதி அதை நசுக்கியது. இரும்புக் கைப்பிடிக் கம்பியொன்று ஃபிரிடாவின் இடுப்பை ஊடுருவிச் சென்றது. முதுகெலும்பு மூன்று இடங்களில் முறிந்தது. காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன. இடுப்பெலும்பு மூன்று துண்டானது. வலது காலில் மட்டும் 11 முறிவுகள். அப்போது அவருக்கு 18 வயது. நம்மில் பலர் பல்கலைக்கழகத்திற்குள் காலடி எடுத்து வைக்கும் வயது.

அலெஹாந்திரோ அவரைத் தூக்கிச் சென்று அருகிலிருந்த கடையின் பில்லியர்ட்ஸ் மேசையில் கிடத்தித் தம் மேலங்கியால் போர்த்தினார். மருத்துவர்கள் பிழைக்கமாட்டார் என்று முதலில் ஒதுக்கியபோது, காப்பாற்றும்படி மன்றாடியவரும் அவரே.

வாசலில் வந்து நின்ற அக்காள்

அடுத்து நடந்ததுதான் என்னை மிகவும் நெகிழ வைத்தது. செய்தி கேட்ட அதிர்ச்சியில் தாயார் வாய் பேச முடியாமல் போனார். தந்தையும் நோயுற்றுப் படுத்தார். இருவராலும் உடனே மருத்துவமனைக்கு வர இயலவில்லை. வந்தவர் மூத்த அக்காள் மத்தில்டே.

இந்த மத்தில்டே சில ஆண்டுகளுக்கு முன்பு காதலருடன் வீட்டைவிட்டுச் சென்றவர். தாயார் அதுவரை அவரை மன்னிக்கவில்லை. அன்று அவர் வெளியேறச் சன்னலைத் திறந்துவிட்டது ஏழு வயதுத் தங்கை ஃபிரிடா! அந்த அக்காள்தான் விபத்துச் செய்தியை நாளிதழில் படித்துவிட்டு ஓடி வந்தார். ஒரே தாதி இருபத்தைந்து நோயாளிகளைக் கவனித்த கூடத்தில், நாள்தோறும் வந்து பணிவிடை செய்தார். பின்னல் வேலை செய்துகொண்டே வேடிக்கைக் கதைகள் சொல்லிக் கூடம் முழுவதையும் சிரிக்க வைத்தார். குடும்பம் ஒதுக்கிய கைதான் குடும்பத்தின் பிள்ளையைத் தாங்கியது.

கட்டிலில் பூட்டிய மரச்சட்டம்

ஒரு மாதம் கழித்து ஃபிரிடா வீடு திரும்பினார். நண்பர்கள் மருத்துவமனைக்கு வந்த அளவுக்குக் கொயோகானுக்கு வரவில்லை. நகரிலிருந்து அது தொலைவு. அலெஹாந்திரோவுக்கு அவர் எழுதிய கடிதங்களில் தனிமை நிறைந்திருக்கிறது. முதுகெலும்பின் பாதிப்பு ஓராண்டுக்குப் பிறகே முழுமையாகத் தெரியவந்து, உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தார்கள். மருத்துவச் செலவு குடும்பத்தைக் கடனில் தள்ளியது. மருத்துவப் படிப்பும் கனவாகவே போனது.

அப்போது தாயார் தச்சரை அழைத்து, படுத்தபடியே வரைவதற்கு ஏற்ற மரச்சட்டம் ஒன்றைச் செய்து கட்டிலில் பொருத்தினார். மேலே ஒரு கண்ணாடியும் மாட்டப்பட்டது. தந்தை தாம் பொக்கிஷமாக வைத்திருந்த எண்ணெய் வண்ணப் பெட்டியைக் கொடுத்தார். கண்ணாடியில் தெரிந்தது ஒரே முகம். அதையே ஃபிரிடா வரையத் தொடங்கினார். 1926இல் தீட்டிய முதல் தன்னுருவ ஓவியத்தை அலெஹாந்திரோவுக்கே பரிசளித்தார். அந்தக் காதல் நிலைக்கவில்லை. ஆனால், உலகம் ஓர் ஓவியரைப் பெற்றது.

காயமும் அதே கையால்

1929இல் புகழ்பெற்ற சுவரோவியர் டியாகோ ரிவேராவை ஃபிரிடா மணந்தார். பெற்றோர் வீட்டின் அடமானக் கடனைத் தீர்த்தவர் டியாகோ. அதே டியாகோ 1934இல் ஃபிரிடாவின் தங்கை கிறிஸ்தினாவோடு உறவு கொண்டு அவர் நெஞ்சைப் பிளந்தார். இந்தப் பகுதியை மறைத்து எழுதினால் வாழ்க்கை வரலாறு வெறும் புகழுரையாகிவிடும். பின்னாளில் ஃபிரிடா தங்கையை மன்னித்தார். பல அறுவைச் சிகிச்சைகளின்போது துணை நின்றவர் அந்தத் தங்கையே. 1950இல் ஏறத்தாழ ஓராண்டு மருத்துவமனையில் கிடந்தபோது டியாகோ பக்கத்து அறையை எடுத்து இரவில் தங்கினார். தாங்கும் கை மாசற்றதாக இருக்க வேண்டும் என்று காத்திருந்தால், தாங்க எவருமே இருக்கமாட்டார்கள் போலும்.

ஃபிரிடாவும் பெற்றுக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. 1943இல் ஓவியப் பள்ளியில் ஆசிரியரானார். உடல் ஒத்துழைக்காதபோது மாணவர்களைத் தம் வீட்டிற்கே வரச் செய்தார். இறுதிவரை அவரோடிருந்த நால்வரை அவர் பெயராலேயே அழைத்தார்கள்.

1953 ஏப்ரலில், தாய்நாட்டில் அவருடைய முதல் தனிக் கண்காட்சியைத் தோழி லோலா ஆல்வாரெஸ் பிராவோ தம் கலைக்கூடத்தில் நடத்தினார். எழுந்திருக்கக் கூடாது என்றார்கள் மருத்துவர்கள். கட்டிலை முன்கூட்டியே அங்கு கொண்டுபோய் வைத்தார்கள். ஃபிரிடா ஆம்புலன்சில் வந்து அதில் படுத்துக்கொண்டே நண்பர்களை வரவேற்றார். அவ்வாண்டு ஆகஸ்டில் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. 1954 ஜூலை 13ஆம் நாள், 47 வயதில், பிறந்த வீட்டிலேயே காலமானார். அந்த நீல வீடு 1958 முதல் அருங்காட்சியகமாக உள்ளது.

நமக்கு என்ன?

விடுதித் தோழி ஒருத்தி மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து படுத்திருந்தாள். முதல் வாரம் அறை கொள்ளாத கூட்டம். மூன்றாம் வாரம் அவள் அம்மா மட்டுமே இருந்தார். காலையில் அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரிவிடும் அந்தப் பத்து நிமிடங்களுக்காகத்தான் இரவு முழுவதும் காத்திருப்பேன் என்று அவள் என்னிடம் சொன்னாள். எந்த மருந்துச்சீட்டிலும் எழுதப்படாத மருந்து அது.

நண்பர்களே, நம்மில் பலர் மருத்துவமனைக்குப் போகத் தயங்குவது அன்பில்லாமல் அல்ல. என்ன பேசுவது என்று தெரியாமல்தான். மத்தில்டே பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஊசியும் நூலும் சில வேடிக்கைக் கதைகளும்தான் கொண்டு போனார். ஆனால், நாள்தோறும் போனார். உங்களுக்குத் தெரிந்த ஒருவர் படுக்கையில் இருந்தால், கூட்டம் கலைந்த அந்த மூன்றாவது வாரத்தில் போங்கள். கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அருகில் உட்காருங்கள்.