பருவமழைக்குக் கணக்கு எழுதிய கில்பர்ட் வாக்கர்

எல் நினோ வரப்போகிறது, இந்த முறை தென்மேற்குப் பருவமழை குறையலாம் என்று சில ஆண்டுகளில் செய்தி வரும். விதைப்பதா, காத்திருப்பதா என்று நாம் யோசிக்க ஆரம்பிப்போம். எங்கோ பசிபிக் கடலில் தண்ணீர் சூடானால் நம் ஊர் ஏரிக்கு என்ன என்றும் தோன்றும். அந்தத் தொடர்பின் முதல் நுனியைப் பிடித்தவர் கில்பர்ட் வாக்கர். இந்திய வானிலைத் துறைக்கு 20 ஆண்டுகள் தலைவராக இருந்தவர். நம் கணித மேதை ராமானுஜனுக்கு உதவித்தொகை கிடைக்கக் கைகொடுத்தவரும் இவர்தான். மழைக் கணக்கை எப்படிப் படிப்பது, அதை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரிந்துகொள்ள நினைக்கும் உழவர்களுக்கு இவருடைய வாழ்க்கையில் பாடம் உண்டு.

பஞ்சம் எழுப்பிய கேள்வி

1876-இல் பருவமழை பொய்த்தது. அதைத் தொடர்ந்து வந்த தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் தக்காணத்தையும் சூறையாடியது. 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. மழை பொய்க்கப்போவது முன்பே தெரிந்திருந்தால் தானியத்தைச் சேர்த்து வைத்திருக்கலாம், வரியைத் தள்ளியிருக்கலாம், நிவாரண வேலைகளைச் சீக்கிரம் தொடங்கியிருக்கலாம். அப்படித் தெரிந்துகொள்ள வழி உண்டா என்பதுதான் அந்தப் பஞ்சம் எழுப்பிய கேள்வி.

இந்திய வானிலைத் துறை 1875-இல்தான் தொடங்கியிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு. இமயமலையில் பனி அதிகம் விழுந்தால் அடுத்து வரும் பருவமழை குறைகிறது என்று அவர் கண்டார். அதை வைத்து 1886 முதல் ஆண்டுதோறும் பருவமழை முன்னறிவிப்பு வெளியானது. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் வேறு பல தகவல்களையும் சேர்த்து நீளமான அறிக்கைகள் எழுதினார்.

ஆனால் 1899-இல் மழை கடுமையாகப் பொய்த்தது. முன்னறிவிப்பு அதைச் சொல்லவில்லை. மறுபடியும் பஞ்சம். வானிலைத் துறையின் மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை சரிந்தது. சில ஆண்டுகள் முன்னறிவிப்பை அரசுக்கு மட்டும் ரகசியமாகக் கொடுக்கும் நிலை வந்தது. இந்தச் சூழ்நிலையில்தான் எலியட் தனக்கு அடுத்தவராக ஒரு கணித அறிஞரைத் தேடிப் பிடித்தார்.

வானிலை தெரியாமல் வந்தவர்

கில்பர்ட் வாக்கர் 1868-ஆம் ஆண்டு ஜூன் 14-இல் இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் பிறந்தார். தந்தை பொறியாளர். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்து, 1889-இல் கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே முதலிடம் பெற்றார். அளவுக்கு மீறிய உழைப்பால் உடல்நிலை கெட்டு, சில குளிர்காலங்களைச் சுவிட்சர்லாந்தில் கழித்தார். எறிந்தவர் கைக்கே திரும்பி வரும் பூமராங் எப்படிப் பறக்கிறது என்று ஆராய்ந்தார். புல்லாங்குழலின் அமைப்பிலும், பருந்தும் கழுகும் சிறகை அசைக்காமல் மிதப்பதிலும் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது.

வானிலைப் படிப்பு மட்டும் அவரிடம் இல்லை. 1903-இல் இந்தியா வந்து எலியட்டிடம் வேலை கற்றார். 1904-இல் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அலுவலகம் சிம்லாவில். கொடைக்கானல் சூரிய ஆய்வு நிலையமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

காற்று ஏன் இப்படி வீசுகிறது, மழை ஏன் அப்படிப் பெய்கிறது என்பதைச் சூத்திரம் போட்டு விளக்க அன்றைய அறிவியலால் முடியவில்லை. எனவே வாக்கர் வேறு வழியில் போனார். காரணம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பதிவேடுகள் என்ன சொல்கின்றன என்று முதலில் பார்ப்போம் என முடிவு செய்தார்.

பதிவேடுகளைப் பேச வைத்தவர்

அன்றைக்கே நாடு முழுவதும் மழைமானிகள் இருந்தன. தினமும் காலையில் மழையை அளந்து குறித்து வைத்தவர்களின் பெயர்கூட இன்று யாருக்கும் தெரியாது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே மழைக் கணக்கு எழுதப்பட்டு வந்தது. வெளிநாடுகளிலும் துறைமுகங்களிலும் தீவுகளிலும் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தன. வாக்கர் இவற்றை வரவழைத்தார். இந்தியக் கணக்கர்கள் பலரை அமர்த்தி, ஒரு பதிவேட்டை இன்னொன்றோடு ஒப்பிடச் செய்தார். கணினி இல்லாத காலம். எல்லாம் கையால் போட்ட கணக்கு.

ஒப்பிடுவது என்றால் என்ன? ஒரு பத்தியில் 30 ஆண்டு பசுந்தீவனக் கணக்கு, பக்கத்தில் அதே 30 ஆண்டு பால் கணக்கு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தீவனம் கூடும்போதெல்லாம் பாலும் கூடினால் இரண்டுக்கும் நெருங்கிய தொடர்பு. ஒன்று கூடும்போது மற்றது குறைந்தால் அதுவும் தொடர்புதான், எதிர்த் தொடர்பு. இந்த நெருக்கத்தை ஓர் எண்ணாகச் சொல்ல முடியும். அந்த எண்ணை வைத்துத்தான் வாக்கர் வேலை செய்தார்.

1909-இல் அவருடைய கணக்கு முறை பருவமழை முன்னறிவிப்புக்கு வந்தது. இமயமலைப் பனி, மொரீஷியஸ் தீவின் காற்றழுத்தம், தென்னமெரிக்காவின் காற்றழுத்தம், ஆப்பிரிக்கக் கரையில் உள்ள சான்சிபாரின் மழை ஆகிய நான்கையும் சேர்த்து இந்தியாவின் மழையை மதிப்பிட்டார். அனுபவசாலி ஒருவரின் ஊகமாக இருந்த முன்னறிவிப்பு, யார் போட்டாலும் ஒரே விடை தரும் கணக்காக மாறியது. நாடு முழுவதற்கும் ஒரே மழை என்று சொல்வதில் பயனில்லை என்பதால், 1922-இல் தென் தீபகற்பம், வடமேற்கு, வடகிழக்கு என மூன்றாகப் பிரித்துக் கணக்கிட்டார்.

இல்லாததை இல்லை என்றவர்

வாக்கரின் நேர்மை இன்னும் முக்கியமானது. நூறு பேர் ஆளுக்கு ஐந்து முறை காசு சுண்டினால், சுமார் மூன்று பேருக்கு ஐந்து முறையும் பூவே விழும். அதனால் அவர்களுக்கு அருள் வந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? பதிவேடுகளும் அப்படித்தான். நூற்றுக்கணக்கில் ஒப்பிட்டால் சில ஜோடிகள் தற்செயலாகவே பொருந்திப் போகும். இதை உணர்ந்த வாக்கர், தற்செயலைத் தள்ளி உண்மையான தொடர்பை மட்டும் எடுக்க 1914-இல் ஒரு சோதனை முறையையே வகுத்தார்.

காடு அழிந்ததால் இந்தியாவின் தட்பவெப்பமே நிரந்தரமாக மாறிவிட்டது என்று அந்தக் காலத்தில் ஒரு பேச்சு இருந்தது. 1910-இல் வாக்கர் பதிவேடுகளைப் புரட்டி, அன்றைய வறட்சி ஆண்டுகளை அப்படிச் சொல்வதற்குச் சான்று இல்லை என்று எழுதினார். அது அன்றைய பதிவேடு சொன்ன விடை. இன்றைய பதிவேடுகள் பூமி சூடாகி வருவதைத் தெளிவாகக் காட்டுகின்றன. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள்தான் மழையைத் தீர்மானிக்கின்றன என்று பலர் நம்பினார்கள். அதையும் கணக்கிட்டுப் பார்த்து, அந்தத் தொடர்பு மிகச் சிறியது என்று சொல்லிவிட்டார்.

ராமானுஜனுக்குக் கொடுத்த கை

1913 பிப்ரவரியில் வாக்கர் சென்னைக்கு வந்தார். அப்போது சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்கராக வேலை பார்த்துக்கொண்டிருந்த ராமானுஜனின் கணக்குகளை அவரிடம் காட்டினார்கள். பார்த்த உடனே அதன் தரம் அவருக்குப் புரிந்தது. வயிற்றுப்பாட்டுக் கவலை இல்லாமல் இந்த இளைஞர் கணிதத்தில் முழு நேரமும் ஈடுபட உதவ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அடுத்த ஆண்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனார்.

கடலில் ஓர் ஏற்றம்

வாக்கரின் பெரிய கண்டுபிடிப்பு அவருடைய இந்தியப் பணி முடியும் தறுவாயில் வந்தது. பசிபிக் கடலில் காற்றழுத்தம் கூடும் காலங்களில் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது. அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது. கிணற்றில் ஏற்றம் இறைக்கும்போது ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயர்வதுபோல, உலகத்தின் பாதிச் சுற்றளவுக்கு இது நடக்கிறது. இதற்கு அவர் தெற்கு அலைவு என்று 1924-இல் பெயர் வைத்தார். இந்தியாவின் பருவமழை, ஆஸ்திரேலியாவின் மழை, நைல் நதியின் வெள்ளம் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்து அசைவதைக் காட்டினார்.

அதே ஆண்டு ஓய்வு பெற்று, சர் பட்டத்தோடு இங்கிலாந்து திரும்பினார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக இருந்தார். அவருடைய கண்டுபிடிப்பைப் பலர் முழுதாக ஏற்கவில்லை. எண்கள் பொருந்துகின்றன, சரி, காரணம் என்ன என்று கேட்டார்கள். அவரால் சொல்ல முடியவில்லை. அவர் பயன்படுத்திய தொடர்புகளில் பலவும் காலப்போக்கில் தளர்ந்தன. 1958 நவம்பர் 4-ஆம் தேதி, 90-ஆவது வயதில் காலமானார்.

1957-58-இல் பசிபிக் கடல் பெரிய அளவில் சூடானது. அந்தத் தகவல்களை ஆராய்ந்த ஜேக்கப் பியர்க்னஸ் என்ற அறிஞர், எல் நினோ என்ற கடல் வெப்பமும் வாக்கரின் காற்றழுத்த ஏற்றமும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்று 1969-இல் விளக்கினார். பசிபிக் கடலின் மேல் கிழக்கு மேற்காகச் சுழலும் காற்றோட்டத்துக்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் வைத்தார். கேட்ட காரணம் கிடைத்துவிட்டது, கேட்கத்தான் வாக்கர் உயிரோடு இல்லை.

தமிழ்நாட்டு உழவருக்கு இதில் என்ன?

எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை குறைவதற்கு வாய்ப்பு அதிகம். நமக்கு முக்கியமான வடகிழக்குப் பருவமழை பல எல் நினோ ஆண்டுகளில் கூடுதலாகவே பெய்கிறது. 2015-இல் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மிதந்தது அப்படி ஓர் ஆண்டில்தான். இதற்கு நேர்மாறான லா நினா ஆண்டுகளில் வடகிழக்கு மழை குறைய வாய்ப்பு உண்டு. 2016-இல் அந்த மழை படுமோசமாகப் பொய்த்தது. ஆனால் 1997-இல் பலமான எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை குறையவில்லை. 2021-இல் லா நினா இருந்தும் தமிழ்நாட்டில் மழை கொட்டித் தீர்த்தது.

ஆக, முன்னறிவிப்பு என்பது வாய்ப்புக் கணக்கு, வாக்குறுதி ஆகாது. வாக்கரும் பருவம் முழுவதற்கும் சொல்லும் கணிப்பை முன்கூட்டி விழும் நிழல் என்ற பொருள் தரும் சொல்லால்தான் குறிப்பிட்டார். நிழல் தெரிந்தால் ஆள் வருகிறார் என்று தெரியும், முகம் தெரியாது. மழை குறையலாம் என்ற செய்தி வந்தால் நிலத்தைத் தரிசாகப் போட வேண்டியதில்லை. ஒரு பகுதியில் குறுகிய கால ரகம், ஒரு பகுதியில் சிறுதானியம் அல்லது பயறு வகை என்று பிரித்து வைக்கலாம். பயிர்க் காப்பீட்டைக் கடைசித் தேதிக்கு முன்பே கட்டலாம். மழை கூடலாம் என்றால் வடிகால் வாய்க்காலை முன்கூட்டியே தூர்வாரலாம். கணிப்பு தப்பினாலும் இவை எதுவும் வீண் போகாது.

இன்னொன்று, நம் ஊருக்கு நாமே மழைக் கணக்கு எழுதலாம். அடிப்பாகம் தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள ஒரு பாத்திரம் போதும். மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு உள்ளே நிற்கும் தண்ணீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து, நோட்டில் தேதி போட்டுக் குறித்துவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுங்கள். 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஓர் ஏக்கரில் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர் விழுந்திருக்கிறது. பக்கத்திலேயே அன்று விதைத்தீர்களா, கிணற்றில் எத்தனை அடி தண்ணீர், பயிர் வாடியதா என்று ஒரு வரி எழுதினால் இன்னும் நல்லது.

ஊரில் ஐந்தாறு பேர் இப்படி எழுதி, விதைப்புக்கு முன்பு ஒரு நாள் கூடி உட்கார்ந்து படித்துப் பாருங்கள். புரட்டாசியில் மழை தள்ளிப்போன ஆண்டுகளில் யாருடைய பயிர் பிழைத்தது, எந்த ரகம் தாங்கியது, எந்த வாய்க்கால் உடைந்தது என்று பேச்சுக்குப் பதில் எழுத்து சொல்லும். ஓரிரு ஆண்டுக் கணக்கு போதாது. பத்து ஆண்டு சேர்ந்தால் உங்கள் மண்ணின் மழை ஓரளவு பிடிபடும். முப்பது ஆண்டு சேர்ந்தால் அது உங்கள் பிள்ளைகளுக்கு நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கும் சொத்து.