பிரித்துக் கற்ற பேரறிவாளர்

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில், 1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். இவரே பின்னாளில் ஜி. டி. நாயுடு எனப் புகழ்பெற்றவர். பள்ளிப் படிப்பில் இவர் உள்ளம் ஈடுபடவில்லை. காணும் பொருள் எவ்வாறு இயங்குகிறது என்று அறிவதிலேயே அது நாட்டங் கொண்டது.

ஒருநாள் ஆங்கில அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடோ குதிரையோ இழுக்காமல் தானே ஓடிய அவ்வண்டி இளைஞரின் நெஞ்சைக் கவர்ந்தது. அதனை வாங்கப் பொருள் வேண்டுமே! கோவை சென்று, உணவு விடுதியில் பரிமாறும் பணி ஏற்று, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து அவ்வண்டியை வாங்கினார். வாங்கியதோடு அமையாமல், அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தொழிலையும் உணர்ந்து, மீண்டும் பூட்டினார். ஆசிரியரில்லாத அப்பயிற்சியே அவருக்குக் கல்லூரியாயிற்று.

1920ஆம் ஆண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டத் தொடங்கினார். அத்தொழில் நாளடைவில் பல பேருந்துகள் கொண்ட நிறுவனமாக வளர்ந்தது. அக்காலத்தில் மின்மோட்டார்களுக்கு நம் நாட்டார் மேனாடுகளையே எதிர்நோக்கியிருந்தனர். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் கூடிக் கோவையில் மின்மோட்டாரை உருவாக்கினார். இந்தியாவில் செய்யப்பெற்ற முதல் மின்மோட்டார் என அது போற்றப்படுகிறது.

1974ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் காட்டிய நெறி மறையவில்லை. ஆரணியிலிருந்து கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குப் பணிக்குச் செல்லும் இளைஞருக்கும் அது வழிகாட்டும். குளிர்சாதனப் பொறியின் கம்ப்ரசர் மோட்டார் நின்றுவிட்டதாகக் கொள்வோம். அது பெரும்பாலும் எஃகுக் கூட்டினுள் மூடப்பட்டிருத்தலின், பிரித்துப் பார்த்தல் அரிது. ஆயினும் ஆராய வழி உண்டு. மின்சாரம் முறையாக வருகிறதா என்று முதலில் அளந்தறிதல் வேண்டும். பின்னர் மின்தொடர்பைத் துண்டித்து, கப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தைப் பாதுகாப்பாக நீக்கிவிட்டு, அது பழுதுற்றதா, செப்புக் கம்பிச் சுருள் அறுந்ததா, அச்சுருளிலிருந்து கூட்டிற்கு மின்சாரம் கசிகிறதா என ஒவ்வொன்றாகச் சோதித்தல் வேண்டும். சிறு கப்பாசிட்டரின் குறையை அறியாது மோட்டாரையே மாற்றுவோர் பெரும் பொருளை இழப்பர். விரைந்து மின்கம்பியைத் தொடுவோர் உயிரையே இழக்கவும் கூடும்.

காரணத்தை அறிந்த பின்னரே கருவியைக் கையில் எடுத்தல் வேண்டும். பொறியைப் பிரித்துப் பூட்டிய அவ்விளைஞரின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.