கோதையார் வளர்ந்த இல்லம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சாரலில், வத்திராயிருப்பு, வ. புதுப்பட்டி, இராசபாளையம் முதலிய ஊர்கள் அயலிருக்க விளங்குவது திருவில்லிபுத்தூர். ஏறத்தாழ 8 ஆம் நூற்றாண்டில் அவ்வூரில் விட்டுசித்தர் என்னும் அந்தணர் வாழ்ந்தார். பெரியாழ்வார் என்று உலகம் போற்றுவது அவரையே. வடபெருங்கோயிலுடையானுக்கு நாள்தோறும் பூமாலை தொடுத்தளிப்பதே அவர்தம் வாழ்நாட்பணி. ஆடித் திங்கள் பூர நாளன்று அவர் நந்தவனத்தைக் கொத்துங்கால், துளசிச் செடிகளின் அருகே ஒரு பெண் குழவியைக் கண்டெடுத்தார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். ஈன்றோர் யாவர் என்பதை ஒருவரும் அறியார். நிலமகளே குழவியாய்த் தோன்றினாள் என அடியார்கள் கொண்டனர்.

ஒருவருடைய அறிவும் குணமும் குடிவழி வருவனவோ, வளரும் சூழ்நிலையால் அமைவனவோ என்பது நெடுநாளைய வினா. இங்கிலாந்து நாட்டறிஞர் பிரான்சிசு கால்டன் 1875 ஆம் ஆண்டில் இரட்டைப் பிள்ளைகளின் வாழ்க்கையை ஆராய்ந்து இதற்கு விடை காண முற்பட்டார். பின்வந்த உளநூலார், பிறர் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளையும் ஆராய்ந்தனர். ஈன்றோரால் வந்தது இது, வளர்த்தோரால் வந்தது இது என ஒருவாறு பிரித்தறிய அது துணைசெய்யுமன்றோ? அவ்வகையில் கோதையார் வரலாறு ஊன்றி நோக்கத்தக்கது.

கோதை என்னும் சொல்லுக்கு மாலை என்பது பொருள். மாலை கட்டுவார் வீட்டு மகளுக்கு அதனினும் பொருத்தமான பெயர் வேறு யாது? விடியுமுன் பூக்கொய்தலும், கொய்த பூவைத் தொடுத்தலும், தொடுக்குங்கால் தந்தையார் பாடுவதைக் கேட்டலுமே அவருடைய இளமைக் கல்வி. ஆழ்வாரோ தம்மை யசோதையாகவே எண்ணிக் கண்ணனைப் பாடியவர். தாலாட்டுதல், அம்புலியை அழைத்தல், நீராட்டுதல், குழல் வாருதல், செண்பகமும் மல்லிகையும் பாதிரியும் சூட்டுதல் ஆகிய அனைத்தையும் தாயின் நிலையில் நின்று பாடினார். அவ்வில்லத்தில் கண்ணன் ஒரு பிள்ளையாகவே வளர்ந்தான் எனலாம். அங்கு வளர்ந்த பெண், திருவில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாகவும் தம்மை ஆயர் மகளாகவும் கண்டு, முப்பது பாடல்களால் திருப்பாவை பாடியதில் வியப்பென்ன? தயிர் கடையும் ஓசையும், பனிப்புல் மேயும் எருமையும், வைகறைப் பறவைகளின் ஒலியும் அந்நூலில் நிரம்பியுள்ளன. நாச்சியார் திருமொழியில் அவர் கண்ட மணக்கனவிலும் அம்மி மிதித்தல், பொரியிடுதல் முதலிய மணச் சடங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

எனினும் யாவும் வளர்ப்பின் பயனே என்று துணிதல் இயலாது. ஆழ்வாரின் அன்பு தாயன்பு. இறைவனுக்கும் தீங்கு நேருமோ என்றஞ்சிப் பல்லாண்டு பாடிய அன்பு. கோதையாரோ அவ்விறைவனையே கணவனாக வேண்டி நின்றார். வாராமை கண்டு வெகுண்டார். குயிலையும் முகிலையும் தூதுவிட்டார். மானிடர்க்கு வாழ்க்கைப்படேன் என்னும் அவ்வுறுதியை அவருக்குக் கற்பித்தார் எவருமிலர்.

அவ்வுறுதியால் தந்தைக்கும் மகளுக்குமிடையே ஒருநாள் இடர் நேர்ந்தது. பெருமாளுக்கெனக் கட்டிவைத்த மாலையைத் தந்தையார் அறியாமல் தாம் சூடி அழகு பார்த்து, மீண்டும் கூடையில் வைப்பது கோதையாரின் வழக்கம். அதனைக் கண்ட ஆழ்வார் சினந்து, அன்று மாலை சாத்தாமலே இருந்துவிட்டார். பூவை முகர்தலும் தகாது என்று ஒழுகியவர் அவர், சினவாதிருத்தல் எங்ஙனம்? அன்றிரவு பெருமாள் கனவில் தோன்றி, அவள் சூடிய மாலையே தமக்கு உவப்பு என்றருளினார் என்பர். அதுமுதல் அவர் சூடிக்கொடுத்த சுடர்க்கொடி ஆயினார். விசயநகர வேந்தர் கிருட்டிணதேவராயர் 16 ஆம் நூற்றாண்டில் இவ்வரலாற்றைத் தெலுங்கில் ஆமுக்தமால்யதா என்னும் காவியமாக்கினார். திருவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை ஆண்டுதோறும் திருமலைக்குச் செல்கின்றது.

பிறப்பு அறியப்படாத அப்பெண், தம் பதிகங்களின் முடிவில் தம்மைப் பட்டர்பிரானின் கோதை என்றும், விட்டுசித்தரின் கோதை என்றும் பெரும்பாலும் குறித்துச் செல்கின்றார். பிறிதொரு குடியை அவர் நாடியதாகத் தெரியவில்லை.

பின்னர் மணக்கோலத்துடன் திருவரங்கம் புகுந்து அரங்கனோடு கலந்தார் என்று வரலாறு முடிகின்றது. ஆழ்வார் தனியராய் ஊர் திரும்பினார். ஒரே மகளைச் செல்வமாக வளர்த்து, அவளைத் திருமால் கொண்டுபோகப் பறிகொடுத்த தாயொருத்தி, அவள் நீங்கிய வீட்டைப் பார்த்துப் புலம்புவதாக அவர் பாடிய பதிகம் ஒன்றுண்டு. அது தம் மகளை எண்ணிப் பாடியதே என்று சான்றோர் பலர் கருதுவர்.